அரைச் சிட்டிகை

கோபியில் காற்றுக்குக் கரி நிறம்.
எல்லைச் சாவடிவரை பதினாறு கிலோமீட்டருக்கு
நிலக்கரி லாரிகள்
ஒன்றன் முதுகில் ஒன்று மூக்கை வைத்து நிற்கின்றன.
நான் யான்ஜ்மா. அரசாங்க நர்ஸ்.
தோளில் ரத்த அழுத்தக் கருவி.
கதவைத் தட்டுவேன், ஜன்னல் இறங்கும்,
முதலில் புகை வெளியே வரும்,
பிறகு ஒரு கை.

நூற்று எழுபது.
நூற்று எண்பத்திரண்டு.
"தலை வலிக்கிறதா?"
"எனக்கா? எருது மாதிரி இருக்கிறேன்."
எருதுதான்.
மூன்று நாளாய் உட்கார்ந்தே இருக்கும் எருது.
நூடுல்ஸ் டப்பாவில் வெந்நீர் ஊற்றி,
மிஞ்சிய உப்புத்தூளை நாக்கில் தட்டி,
நூறு அடி உருண்டு,
மறுபடி நிறுத்தம்.

தொற்றா நோய்கள் என்று
என் பதிவேட்டின் அட்டையில் அச்சிட்டிருக்கிறது.
தொற்றாதாம்.
இந்த வரிசையில் ஒருவன் பற்றவைத்தால்
அடுத்தவன் அதே நெருப்பில் பற்றவைக்கிறான்.

நவம்பரில் ஒருநாள் வரிசை நகர்ந்தது.
ஒரு லாரி மட்டும் நகரவில்லை.
பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.
அரைமணி நேரம் அடித்தார்கள்.
பிறகு சுற்றிக்கொண்டு முன்னே போனார்கள்,
இடம் பிடிக்க வேண்டுமே.
ஏழாவது ஆள்தான் இறங்கிப்போய்க் கதவைத் திறந்தான்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
ஷிரேந்தேவ், வயது நாற்பத்து நான்கு.
பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே
என் கையெழுத்தில்:
'பிறகு வரச் சொன்னார்.'

அந்தக் குளிரில்தான் சரன்கெரெல் என்னைத் தேடி வந்தாள்.
அவள் கணவன் தம்தின்சுரேனும் இதே வரிசையில்.
"மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு
விழுங்கிவிட்டேன் என்கிறார்."
தேநீரில் எவ்வளவு உப்பு என்று கேட்டேன்.
உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள்.
ஒரு குருவி கூடு கட்டலாம் அதில்.

சொல்லாமல் குறை என்றேன்.
வாரத்துக்கு அரைச் சிட்டிகை.
நாக்குக்கு மறதி அதிகம்,
மெதுவாகத் திருடினால் தெரியாது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வார்கள்.
உப்பைத் திருடியவளை யார் நினைப்பது?
அவள் அதைக் கேட்கவில்லை.
முதல் கரண்டித் தேநீரை வழக்கம்போல்
வானத்துக்கு வீசினாளாம்.
வானம் ஒன்றும் சொல்லவில்லை என்று
பிப்ரவரியில் வந்து சிரித்தாள்.

மே மாதம். மணல்புயல் ஓய்ந்த காலை.
ஜன்னல் இறங்கியது. புகை. கை.
தம்தின்சுரேன்.
நூற்று நாற்பத்தாறு.
நம்பாமல் மறுபடி அளந்தேன்.
நாற்பத்தாறுதான்.
"மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?"
மேலே கூரையைப் பார்த்தான்.
பிறகு தெர்மாஸைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி:
"ஒன்று கேட்க வேண்டும்.
என் மனைவிக்கு நாக்கு செத்துப்போய்விட்டது.
ஆறு மாதமாய்த் தேநீரில் உப்பே இல்லை.
அவளுக்கு அது தெரியவில்லை, பாவம்.
சொன்னால் பயந்துவிடுவாள்.
நன்றாக இருக்கிறது என்று தினமும் இரண்டு கோப்பை
கூடுதலாகக் குடிக்கிறேன்.
இதற்கு மருந்து உண்டா?"

பட்டையைச் சுருட்ட
எனக்கு வெகுநேரம் பிடித்தது.
"மருந்து வேண்டாம். குடித்துக்கொண்டே இருங்கள்."

எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினான்.
பால் மணம். இலை மணம்.
அடியில், தேடிப் போனால், கொஞ்சம் உப்பு.

முன்னால் ஒரு லாரி அசைந்தது.
வாயிலிருந்த சிகரெட்டை எடுக்காமலே கியரைப் போட்டான்.
அது அடுத்த குளிர்காலத்து வேலை.

அடுத்த கதவைத் தட்டினேன்.
ஜன்னல் இறங்கவில்லை.
உள்ளேயிருந்து ஒரு குரல்: "பிறகு வா."

பதிவேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
அங்கேயே நின்றேன்.